தம்பிக்கு வீட்டை ‘லெட்’ பண்ணினேன் என்று எழுதிவிட்டேன், வீடு போய்விடுமா?

திருகோணமலை அலஸ்தோட்டத்தில் வீடுள்ள, ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் அனுப்பியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அந்த வீடு அவருடைய அம்மா சீதனமாக எழுதிக்கொடுத்தது. உறுதி, அதாவது வீட்டின் உரிமைப் பத்திரம், இவர் பெயரில் மட்டும்தான் இருக்கிறது. கணவர் காலமான பிறகு, 2012-இல் கொழும்பில் மகளோடு இருக்கப் போய்விட்டார். வீடு பூட்டிக்கிடக்க வேண்டாம் என்று சின்னம்மாவின் மகனை, அதாவது தம்பி முறையானவரை, குடும்பத்தோடு வந்து இருக்கச் சொன்னார். வாடகை பேசவில்லை. தண்ணீர், கரண்ட் பில்லைத் தம்பி கட்டிவந்தார். வருஷத்துக்கு ஒருமுறை முற்றத்து மாங்காயும் கருவாடும் கொழும்புக்கு வரும்.

2014-இல் தம்பியின் மகளை முதலாம் வகுப்பில் சேர்க்க ஒரு கடிதம் தேவைப்பட்டது. ‘பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கிற கடிதம், இங்கிலீசில் இருந்தால் எடுபடும்’ என்று நினைத்து, பேரனின் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று வசனம் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். மூன்றிலும் ஒரே வினைச்சொல் வர வேண்டாம், அது நல்ல நடையில்லை என்று லெட், பெர்மிட், அலவ் என மூன்று சொற்களைப் போட்டிருக்கிறார். அகராதியில் மூன்றுக்கும் ‘அனுமதி’ என்றே இருந்ததாம்.

இப்போது ஊருக்குத் திரும்பி அந்த வீட்டில் இருக்க விரும்புகிறார். தம்பி மறுக்கிறார். “அக்கா, நீங்க எனக்கு லெட் பண்ணியெண்டு உங்கட கையாலயே எழுதித் தந்திருக்கிறீங்க. நான் ரெனன்ட். பெர்மிட்டும் தந்திருக்கிறீங்க. அதோட பத்து வருஷம் கடந்திட்டு, இனி வீடு எனக்குத்தான்” என்கிறார். போன இரண்டு மாதமாக அக்காவின் வங்கிக் கணக்கில் பத்தாயிரம் பத்தாயிரமாகப் பணமும் போட்டிருக்கிறார். இதைக் கேட்டதிலிருந்து தூக்கமில்லை, நான் எழுதிய மூன்று சொல்லால் அம்மாவின் சீதனத்தைத் தொலைத்துவிட்டேனா, கோணேசர் கோயில் தேரன்று அவர்கள் போயிருக்கும் நேரம் பார்த்துப் பூட்டை மாற்றிவிடலாமா என்று கேட்கிறார்.

அன்புள்ள ரீச்சர்,

முதலில் நிம்மதியாக ஒரு தேநீர் குடியுங்கள். வீடு போகவில்லை. அந்தக் கடிதத்தை எழுதியதற்காக உங்களையே நொந்துகொள்வதையும் விடுங்கள். ஒரு குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க எழுதிய கடிதம் அது. நீங்கள் இணைத்திருந்த பிரதியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். நீங்கள் பயப்படுகிற அந்தத் தாளைத்தான் வழக்கு வந்தால் உங்கள் பக்கத்தின் முதல் ஆவணமாக நான் நீதிமன்றத்தில் வைப்பேன். ஏனென்று சொல்கிறேன்.

மூன்று சொல்லும் ஒரு சொல்லா?

அகராதி உங்களை ஏமாற்றவில்லை. ஆனால் பாதிதான் சொன்னது. உங்கள் முதல் வசனம் “ஐ ஹாவ் லெட் மை ஹவுஸ் டு மை பிரதர்” என்று இருக்கிறது. நீங்கள் மனதில் வைத்திருந்தது ‘தம்பியை என் வீட்டில் இருக்க விட்டேன்’ என்பது. அதற்கு “லெட் மை பிரதர் லிவ் இன் மை ஹவுஸ்” என்று வந்திருக்க வேண்டும். லெட் என்ற சொல்லுக்குப் பின்னால் ஓர் ஆளும் அவர் செய்யும் வேலையும் வந்தால், விட்டேன், தடுக்கவில்லை என்று பொருள். ஆளுக்குப் பதில் வீடோ கடையோ அறையோ வந்தால், வாடகைக்கு விட்டேன் என்று பொருள் திரும்பிவிடும்.

உங்களுக்கு இது புதிதல்ல. நம்முடைய ‘விடு’வும் இதே இரண்டு வேலையையும் பார்க்கிறது. தம்பியை இருக்க விட்டேன் என்கிறோம், வீட்டை வாடகைக்கு விட்டேன் என்றும் சொல்கிறோம். தமிழில் ‘வாடகைக்கு’ என்ற சொல் முன்னால் நின்று குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்தத் துணை இல்லாமலே லெட் தனியாக அந்தப் பொருளைத் தந்துவிடும். (விடு என்பதிலிருந்து வீடு வந்ததை நீங்கள் எத்தனை வகுப்புக்கு முதனிலை திரிந்த தொழிற்பெயராகச் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள்!)

இன்னொன்று. உங்கள் கடவுச்சீட்டின் முன்பக்கத்தை எடுத்துப் பாருங்கள். இதை வைத்திருப்பவரைத் தடை இடையூறின்றிப் போக விடும்படி கேட்கும் ஆங்கில வசனத்தில் அலவ் என்ற சொல் அனுமதி என்ற பொருளிலும், லெட் என்ற சொல் தடை என்ற பொருளிலும் ஒன்றாக நிற்கின்றன. பழைய ஆங்கிலத்தில் விடுதலுக்கு ஒரு சொல்லும் தடுத்தலுக்கு வேறொரு சொல்லும் இருந்து, காலப்போக்கில் இரண்டின் உருவமும் லெட் என்று ஒன்றாகிவிட்டது. ஆங்கிலம் தாய்மொழியானவர்களே தடுமாறுகிற இடம் இது. நீங்கள் சறுக்கியதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டாவது வசனத்தில், இந்த விலாசத்தைப் பயன்படுத்தத் தம்பிக்குப் பெர்மிட் பண்ணுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இது கொஞ்சம் விறைப்பான சொல். அதிகாரம் உள்ளவர் இல்லாதவருக்குத் தருகிற அனுமதி. வீட்டில் பிள்ளையிடம் பேசும்போது ஆங்கிலேயர்கூட இதைப் பாவிப்பது குறைவு. அறிவித்தல் பலகையிலும் அலுவலகக் கடிதத்திலும்தான் அடிக்கடி வரும். அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதை அந்தச் சொல்லே காட்டிக்கொடுக்கிறது பாருங்கள். பெர்மிட் தந்தவர் சொந்தக்காரர், வாங்கியவர் சொந்தக்காரர் அல்ல.

தம்பி ‘பெர்மிட் இருக்கிறது’ என்று ஊரில் சொல்லித்திரிவதற்கு வேறு காரணம் இருக்கிறது. நம் மாவட்டத்தில் பெர்மிட் காணி என்றால் 1935-ஆம் ஆண்டின் 19-ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுக்கும் அனுமதிப்பத்திரக் காணி. அதைப் பிரதேச செயலகத்தில் வாங்குவார்கள், பின்வாரிசு பதிவார்கள், சிலருக்குப் பிறகு அளிப்புப் பத்திரமும் கிடைக்கும். அது அரச காணிக்கு உரியது. உங்களுடையது உறுதிக் காணி. உறுதிக் காணியில் ஒரு தனியாள் இன்னொருவருக்கு அந்த வகைப் பெர்மிட் கொடுக்கவே முடியாது. வினைச்சொல்லாக நீங்கள் எழுதியதைத் தம்பி பெயர்ச்சொல்லாக மாற்றிக் கையில் பிடித்திருக்கிறார், அவ்வளவுதான்.

மூன்றாவது வசனத்து அலவ், பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளும்படி அதிபரிடம் கேட்பது. வீட்டோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. இந்தச் சொல்லுக்கும் இரட்டை முகம் உண்டு. பழைய பிரெஞ்சிலிருந்து வந்தபோதே, ஏற்றுக்கொள்ளுதல், பங்கு ஒதுக்குதல் என்ற இரண்டு பொருளையும் சுமந்து வந்தது. அதனால்தான் சம்பளத்தோடு தருகிற படியை அலவன்ஸ் என்கிறோம். மேன்முறையீடு அலவ்ட் என்று தீர்ப்பில் வந்தால், மேன்முறையீடு செய்ய விட்டார்கள் என்று அர்த்தமல்ல, அதை ஏற்று அவருக்குச் சார்பாகத் தீர்த்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

சரி, இப்போது மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். லெட் ஆனாலும் பெர்மிட் ஆனாலும் அலவ் ஆனாலும், கொடுக்கிறவர் ஒருவர், வாங்குகிறவர் ஒருவர். எந்தச் சொல்லை எடுத்தாலும் உரிமை கொடுக்கிறவரிடமே நிற்கிறது. ‘வீட்டை உனக்கே தந்தேன்’ என்ற பொருள் மூன்றில் ஒன்றுக்கும் கிடையாது.

ரெனன்ட்டா, சொந்தக்காரரா?

தம்பி ஒரே மூச்சில் இரண்டு வாதம் வைக்கிறார். நான் வாடகைக்காரன் என்கிறார். பத்து வருஷம் இருந்துவிட்டேன், வீடு எனக்கு என்கிறார். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும்.

பத்து வருஷக் கதை 1871-ஆம் ஆண்டின் 22-ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்திலிருந்து வருகிறது. அதன் 3-ஆம் பிரிவுதான் ஊரெல்லாம் அரைகுறையாகத் தெரிந்த பிரிவு. பத்து வருஷம் சும்மா இருந்தால் போதாது. சொந்தக்காரரின் உரிமைக்கு எதிராக, அல்லது அதைச் சாராமல், இடையூறின்றித் தொடர்ந்து ஆண்டிருக்க வேண்டும். வாடகை கட்டியோ, வேறு ஏதாவது செயலாலோ இன்னொருவரின் உரிமையை ஒப்புக்கொண்டிருந்தால் அந்தக் கணக்கு ஓடாது. வாடகைக்காரன் என்று வாயைத் திறந்த நிமிடமே வீடு அக்காவுடையது என்று தம்பி சாட்சி சொல்லிவிட்டார்.

வாடகையே இல்லாமல் உங்கள் அனுமதியில் வந்தவர் என்றாலும் நிலைமை அதேதான். அனுமதியோடு உள்ளே வந்தவர் அதே நிலையில்தான் தொடர்ந்தார் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். ‘இந்தத் திகதியிலிருந்து நான் அக்காவுக்கு எதிராக ஆளத் தொடங்கினேன்’ என்று வெளிப்படையான ஒரு செயலைக் காட்டி நிரூபிக்கும் சுமை அவர் தலையில். மனதுக்குள் நினைத்திருந்தேன் என்பது செல்லாது. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 116-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒருவருடைய அனுமதியில் காணிக்குள் வந்தவர், அனுமதி தந்த நேரத்தில் தந்தவருக்கு உரிமை இருக்கவில்லை என்று பிறகு மறுக்க விடப்படமாட்டார். அந்த அனுமதிக்கு எழுத்து ஆதாரம் என்ன? பேரனின் அகராதியைப் பார்த்து 2014-இல் நீங்கள் எழுதிய அதே தாள். அதை வாங்கிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தவர் அவர். கிழித்துவிடாதீர்கள், தொலைத்துவிடாதீர்கள்.

பயப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. இதுவரை அவர் உங்களுக்கு எதிராக ஆளவில்லை, ஆனால் ‘வீடு எனக்குத்தான்’ என்று இப்போது வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். இனிப் பத்து வருஷம் பேசாமலிருந்தால் கதை வேறு. ‘சொந்தத்துக்குள் ஏன் கோடு கச்சேரி’ என்று இழுத்தடிப்பதுதான் இனி உங்களுக்கு ஆபத்து.

வங்கிக்கு வந்த பத்தாயிரம்

உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன இந்த விஷயம்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது.

வாடகை என்று ஒன்று ஒத்துக்கொள்ளப்படாமல் வாடகைக் குடியிருப்பு உண்டாகாது. மாங்காயும் கருவாடும் உறவுக்காக வந்தவை. கரண்ட் பில் அவர் எரித்த கரண்டுக்கு. ஆகவே கடிதத்தில் லெட் என்று எழுதியிருந்தாலும், பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஒரு சதமும் வாங்காதவரை வீட்டுச் சொந்தக்காரர்–வாடகைக்காரர் உறவு என்று நிறுவுவது கடினம். நீதிமன்றம் ஒரு வினைச்சொல்லை மட்டும் பிடித்துத் தொங்காது, நடந்தது என்ன என்று பார்க்கும். இதைத் தம்பிக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதனால்தான் இல்லாத வாடகையை இப்போது உருவாக்கப் பார்க்கிறார்.

நம் சட்டத்தில் காணி சம்பந்தமான கொடுக்கல் வாங்கல் பெரும்பாலும் நொத்தாரிசு முன்னிலையில் எழுத்தில் இருக்க வேண்டும். 1840-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்கச் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஆனால் மாதத்துக்கு மாதம் ஓடும் வாடகைக்கு அது தேவையில்லை. பணம் கொடுத்தார், வாங்கினார் என்று காட்டினாலே போதும். அப்படி அவர் வாடகைக்காரராகிவிட்டால், 1972-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்க வாடகைச் சட்டம் அந்த வீட்டுக்குப் பொருந்துமா இல்லையா என்று தனியாக ஒரு சண்டை தொடங்கும். பொருந்தினால், சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்று இல்லாமல் அவரை எழுப்ப முடியாது. பின்னால் வந்த திருத்தங்களால் பல வீடுகள் அதற்கு வெளியே போயிருக்கின்றன என்றாலும், அந்த வாதத்துக்கு நாம் ஏன் வாசலைத் திறந்துவிட வேண்டும்?

அந்த இருபதாயிரத்தைத் தொடாதீர்கள். ‘உங்களிடம் நான் வாடகை பேசவுமில்லை, கேட்கவுமில்லை. நீங்கள் போட்ட பணத்தை வாடகையாக ஏற்கவில்லை, திருப்பி அனுப்புகிறேன்’ என்று இரண்டு வரி எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, பணத்தையும் வங்கி வழியாகவே அவருடைய கணக்குக்குத் திருப்புங்கள். கையில் கொடுக்க வேண்டாம். மகளிடம் சொல்லி வங்கிக் கூற்றைப் பிரதியெடுத்து வையுங்கள்.

பூட்டை மாற்றலாமா?

வேண்டாம், ரீச்சர். என் வீடு, என் பூட்டு, யார் கேட்பது என்ற கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் கையில் இருக்கிற நல்ல வழக்கை ஒரே நாளில் கெடுக்கும் வழி அதுதான்.

1979-ஆம் ஆண்டின் 44-ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தில் 66-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஊரில் ‘அறுபத்தாறு கேஸ்’ என்பார்கள். காணித் தகராறில் அமைதி குலையும் என்று பொலிஸ் அறிக்கை வைத்தால், அல்லது தரப்பில் ஒருவரே போனால், யார் சொந்தக்காரர் என்று அந்த நீதிமன்றம் பார்க்காது. யார் இருந்தார் என்றுதான் பார்க்கும். அறிக்கை வைப்பதற்கு முந்தைய இரண்டு மாதத்துக்குள் ஒருவரைப் பலவந்தமாக வெளியே தள்ளியிருந்தால், அவரைத் திரும்ப உள்ளே விடச் சொல்லிக் கட்டளை போடலாம். தேரன்று நீங்கள் மாற்றிய பூட்டை நீதிமன்றக் கட்டளையோடு வந்து திறப்பார்கள். அதுவரை அனுமதியில் இருந்தவர், அதற்குப் பிறகு கட்டளையில் இருப்பார். தண்ணீரை வெட்டுவது, கரண்டை நிறுத்துவது எல்லாம் இதே கணக்குத்தான்.

‘சரி கட்டு’ என்று சொன்னது

பின்பக்கம் தம்பி ஒரு கழிவறை கட்டியதைச் சொல்லியிருக்கிறீர்கள். தொலைபேசியில் கேட்டபோது “சரி, கட்டு” என்றீர்களாம். அந்த ‘சரி’யும் ஓர் அனுமதிதான். வீட்டில் உரிமை எதையும் அது தராது, ஆனால் கட்டிய செலவை அவர் இழப்பீடாகக் கேட்க இடமுண்டு. இதில் நீங்கள் விட்டுக்கொடுக்கலாம் என்பது என் அபிப்பிராயம். மேசன் ஒருவரைக் கொண்டு மதிப்புப் போட்டு, நியாயமான தொகையைத் தருகிறேன் என்று நீங்களே முன்வந்தால், அவர் கௌரவமாக எழும்பிப் போக ஒரு வழி கிடைக்கும். வளர்ந்த பிள்ளை இருக்கிற குடும்பம். இன்று சொல்லி நாளை போ என்றால் எங்கே போவார்கள்?

இனி என்ன செய்வது

முதலில் காணிப் பதிவகத்தில் உங்கள் உறுதி பதிந்த பக்கத்தின் பிரதியை எடுங்கள். உங்களுக்குத் தெரியாமல் அதில் வேறு ஏதும் ஏறியிருக்கிறதா என்று பார்க்கத்தான். சோலைவரி (வீட்டுவரி) யார் பெயரில், யார் கட்டிய பற்றுச்சீட்டு என்பதையும் பாருங்கள். பாக்கி இருந்தால் நீங்களே கட்டி, சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். தம்பிக்கு எப்போதாவது அற்றோணித் தத்துவம், அதாவது உங்களுக்குப் பதிலாகச் செயற்படும் அதிகாரப் பத்திரம், எழுதிக்கொடுத்திருந்தால் அதை உடனே சொல்லுங்கள். கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றுமில்லை, ஆனால் வெளியூரில் இருக்கிற பலரும் பில் மாற்றவென்று எழுதிக்கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள்.

அப்புறம், அனுமதியை முடிக்கும் அறிவித்தலைச் சட்டத்தரணி மூலம் அனுப்புங்கள். மூன்று மாதம் அவகாசம் கொடுங்கள் என்பேன். அந்த இடைவெளியில் மத்தியஸ்த சபைக்குப் போய் ஒருமுறை பேசிப் பாருங்கள். இணங்கினால் எழுத்தில் வாங்குங்கள், எழும்பும் திகதியோடு. இணங்காவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் வெளியேற்ற வழக்கு. அது ஓர் ஆண்டில் முடியும் என்று உங்களுக்கு ஆசை காட்டமாட்டேன், காணி வழக்கு இழுபடும். அதனால்தான் கழிவறைக் காசைப் பற்றி அவ்வளவு சொன்னேன்.

இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான் என்று அயலவர்கள் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். பூட்டிக்கிடந்திருந்தால் அந்த வீட்டின் கூரை மரத்தைக் கறையான் தின்றிருக்கும். தம்பி குடும்பம் இருந்ததால்தான் இன்றைக்கும் நீங்கள் திரும்பிப் போய் இருக்கக்கூடிய வீடாக அது நிற்கிறது. அறிவித்தலில் அதையும் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். சண்டைக்கு வந்த கடிதம்போல அது இருக்க வேண்டியதில்லை.

கடைசியாக, அந்த அறிவித்தலைத் தமிழிலேயே எழுதச் சொல்லுங்கள். வடக்கு கிழக்கில் நிர்வாக மொழியும் நீதிமன்ற மொழியும் தமிழ் என்று அரசியலமைப்பே சொல்கிறது. 2014-இல் அந்த அதிபருக்கும் நீங்கள் தமிழிலேயே எழுதியிருக்கலாம். இப்படி ஒரு வசனம் போதும்: ‘2012-ஆம் ஆண்டு முதல் வாடகை எதுவுமின்றி எனது வீட்டில் தாங்கள் இருப்பதற்கு நான் தந்திருந்த அனுமதியை இத்தால் முடிவுறுத்துகிறேன்.’ ‘வாடகை எதுவுமின்றி’, ‘எனது வீட்டில்’, ‘நான் தந்திருந்த’ என்ற மூன்று இடமும் விடுபடாமல் இருக்கிறதா என்று கையெழுத்துப் போடுமுன் ஒருமுறை பாருங்கள். பரீட்சைத் தாள் திருத்திய கண்ணுக்கு அது தப்பாது.